பாட்டுக்குள் ஒதுங்கிய பாஷை



போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு சிறிய மண்டபத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரின் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்களின் பிள்ளைகள் ஆட்டம் பழகுகிறார்கள், வந்து பாருங்கள் என்று நண்பர் ஒருவர் அழைத்திருந்தார். வாவிக் காற்று யன்னலால் வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வயலினுக்குச் சுருதி சேர்த்தார். பக்கத்தில் ஒருவர் மென்டலினோடு இருந்தார், ஓர் இளைஞன் மேளத்தை மடியில் வைத்திருந்தான். ஆண்பிள்ளைகள் ஒரு வரிசை, நீளப் பாவாடை கட்டிய பெண்பிள்ளைகள் எதிர் வரிசை. வில் நரம்பில் பட்டதும் கால்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் விடிய விடிய ஆடுவார்கள். கொழும்பு வானொலி வழியாக நாடு முழுக்கப் பரவிய பைலாவுக்குத் தாய் இந்தத் தாளம்தான். ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஆட்டம் அல்ல. இரண்டாவது பாட்டின் நடுவில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை ஆடுவதை நிறுத்திவிட்டு, ஓரத்துக் கதிரையில் இருந்த மூதாட்டியிடம் கேட்டாள்: "அம்மம்மா, இந்தப் பாட்டில என்னதான் சொல்லுறாங்க?"

வயலின் நின்றது. அம்மம்மா முதலில் பாட்டின் வரியைப் போர்த்துக்கேயத்தில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு நல்ல மட்டக்களப்புத் தமிழில் அதன் கருத்தைச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். காதலனைக் கேலி செய்யும் பாட்டு அது. இத்தனை நாளும் எதை ஆடினோம் என்று தெரிந்த பிறகு, அதே பாட்டை அவர்கள் ஆடிய விதமே மாறிப்போனது. கண்ணும் கழுத்தும் சேர்ந்து ஆடின.

இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விக்காகவே எழுதுகிறேன்.

அன்று மண்டபத்தில் நான் குந்தியிருந்தது வாங்கில். அம்மம்மா இருந்தது கதிரையில். வந்தவர்களுக்குக் குசினியிலிருந்து தேநீர் வந்தது, மேசையில் பாணும் விசுக்கோத்தும் இருந்தன. மூலையில் அலுமாரி. ஆடிக் களைத்த பிள்ளைகள் துவாயால் முகம் துடைத்தார்கள், வாசலில் அவர்களின் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. வாங்கு, கதிரை, குசினி, மேசை, பாண், விசுக்கோத்து, அலுமாரி, துவாய், சப்பாத்து: இத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள். நாம் பிறந்ததிலிருந்து வாயில் வைத்திருக்கிறோம், அந்நியம் என்ற நினைப்பே நமக்கு வந்ததில்லை. கொடுத்த பாஷையைப் பேசுகிறவர்கள் இதே தெருவில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதை 1628இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். பத்தே ஆண்டில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1658இல் இலங்கையிலேயே போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. ஆட்சி போனாலும் பாஷை போகவில்லை. ஒல்லாந்தக் கம்பனி எவ்வளவோ முயன்றும் அதன் சொந்த உத்தியோகத்தர் வீடுகளிலேயே ஆயாவும் பிள்ளையும் கலப்புப் போர்த்துக்கேயத்தில்தான் கதைத்தார்கள். பிரித்தானியர் வந்த பிறகும் அது துறைமுகத்திலும் கடையிலும் ஓடியது. 1820களில் மெதடிஸ்த மிஷனரிமார் புதிய ஏற்பாட்டை அந்தப் பேச்சில் மொழிபெயர்த்துக் கொழும்பில் அச்சிட்டார்கள். கோவாவைச் சேர்ந்த அறிஞர் டல்காடோ 1900இல் இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றித் தனி நூலே எழுதினார். ஹியூ நெவில் என்ற பிரித்தானிய உத்தியோகத்தர் 19ஆம் நூற்றாண்டில் சேகரித்த கையெழுத்துப் பிரதிகளில் நம் ஊர்ப் பறங்கியரின் பாடல்களும் உண்டு. அவை இப்போது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

கொழும்பில் அந்தப் பாஷை ஆங்கிலத்துக்கு இடம் விட்டு ஒதுங்கியது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் நிலைத்தது. இங்கே இருந்த பறங்கியர் பெரிய உத்தியோகக்காரர் அல்லர். தச்சர், கொல்லர், துவக்குத் திருத்துபவர், இயந்திரம் திருத்துபவர் என்று கையால் உழைத்தவர்கள். ஆங்கிலப் படிப்பு அவர்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, அதனால் பாட்டன் பேச்சு பேரனுக்கும் தங்கியது. எங்கள் வீட்டு அலுமாரியைச் செய்தவரும் ஒரு பறங்கித் தச்சர்தான். சீவுளி தள்ளும்போது அவர் பாடிக்கொண்டிருந்தது என்ன பாட்டு என்று சின்ன வயதில் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வந்த கேள்வி எனக்கு அன்று வரவில்லையே என்ற வருத்தம் இப்போது இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. இந்தப் பாஷையின் சொற்கள் போர்த்துக்கல்லிலிருந்து வந்தவை, அவற்றை அடுக்கும் ஒழுங்கோ தமிழுடையது. 1970களில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்த மொழியியலாளர் இயன் சிமித் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லிஸ்பனில் வினைச்சொல் வசனத்தின் நடுவில் வரும். மட்டக்களப்பில் அது நம் வினைச்சொல்லைப் போலக் கடைசிக்குப் போய்விட்டது. லிஸ்பனில் 'காசா டி ஜொசே' என்றால் ஜொசேயின் வீடு. இங்கே அது 'ஜொசே-சு காசா': உடையவன் முன்னே, உருபு அவன் பெயரின் வாலில், வீடு கடைசியில். 'ஜொசேக்கு' என்று சொல்ல லிஸ்பனில் 'பரா' என்ற சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். இங்கே அது தேய்ந்து தேய்ந்து 'ப' என்றாகி, நம் 'கு' போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. முந்நூற்றைம்பது ஆண்டு அயல்வீட்டில் இருந்து, வேலிக்கு மேலால் கறியும் கதையும் கொடுத்து வாங்கியதில் உண்டான இலக்கணம் இது. தமிழ் இந்த வாவிக் கரையில் என்ன செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை. இந்தப் பாஷை போனால் தமிழின் வரலாற்றிலும் ஓர் ஏடு போகும்.

போகுமா என்று கேட்டால், கொச்சியைப் பாருங்கள். அங்கே வைப்பின் தீவில் இதன் அக்கா போன்ற ஒரு கலப்புப் போர்த்துக்கேயம் இருந்தது. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ 2010 ஆகஸ்டில் காலமானார். அத்துடன் அந்தப் பேச்சு நின்றது. அவரிடமிருந்து அந்தப் பாஷையைப் பதிவுசெய்த லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹியூகோ கார்டோசோதான் பிறகு மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்தார். அவரும் மகேஷ் ராதாகிருஷ்ணன் முதலான ஆய்வாளர்களும் இங்கே மூத்தவர்களின் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலியாகவும் படமாகவும் பதிவுசெய்து, அழியும் மொழிகளுக்கான காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். கொச்சியில் ஒரு மனிதரோடு முடிந்தது. இங்கே இன்னும் வீடு வீடாக ஆட்கள் இருக்கிறார்கள், பாட்டு இருக்கிறது, வயலின் இருக்கிறது.

ஆட்டமும் பாட்டும் இருந்தால் பாஷை திரும்புமா? உலகத்தின் மறு கோடியில் சிலர் இதைச் செய்துகாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையிலும் கனடாவின் யூக்கோனிலும் வாழும் ட்லிங்கிட் மக்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் பேசியதற்காக அவர்களின் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். கனடாவில் 1885 முதல் 1951 வரை அவர்களைப் போன்ற கரையோர மக்களின் சடங்கு விருந்துகளே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தன. ஒரு தலைமுறை பயந்து வாய் மூடியது, அடுத்த தலைமுறைக்குப் பாஷை தெரியாமல் போனது. 1982 முதல் ஜூனோ நகரத்தில் இரண்டு ஆண்டுக்கொருமுறை 'செலிப்ரேஷன்' என்ற பெருவிழாவைச் சீலாஸ்கா மரபு நிறுவகம் நடத்துகிறது. ஊர் ஊராக ஆட்டக் குழுக்கள் வருகின்றன. யூக்கோனில் 2007இல் தொடங்கிய தக்கா க்வான் என்ற குழு, ஆட்டத்தின் வழியாகவே இளையவர்களைப் பாஷைக்குள் கொண்டுவருகிறது. 2014இல் அலாஸ்கா மாநிலம் ட்லிங்கிட் உட்பட 20 ஆதிமொழிகளை உத்தியோக மொழிகளாக ஏற்றது.

அவர்களின் வழக்கம் ஒன்றை வாசித்தபோது எனக்குக் கொக்கட்டிச்சோலைக் கோயில் நினைவுக்கு வந்தது. ட்லிங்கிட் மக்களுக்கும் நம்மைப் போலத் தாய்வழிக் குடி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒவ்வொரு பாட்டும் ஒரு குடிக்குச் சொந்தம். மேடையில் ஏறுகிறவர் தான் யார், எந்தக் குடி, பாடப்போவது யாருடைய பாட்டு, அதைப் பாட யாரிடம் அனுமதி பெற்றார் என்று சொல்லித்தான் தொடங்குவார். அதையும் ட்லிங்கிட்டிலேயே சொல்ல முயல்வார். நம் கோயில்களில் குடி கூறிக் காளாஞ்சி கொடுப்பதை அறிந்தவர்களுக்கு, 'வயிற்றுவார்' என்ற சொல்லை இன்றும் பேச்சில் வைத்திருப்பவர்களுக்கு, இது விளக்கம் தேவையில்லாத விடயம். ஆட வருகிற பிள்ளை முதலில் தன் தாய் யார் என்று சொல்லப் பழகுகிறது, அதைச் சொல்லச் சில வசனம் பாஷை வேண்டும். அந்தச் சில வசனமே வாசற்படி.

நம் பறங்கியர் பாஷை ஒடுங்கிய கதை வேறு. அவர்களை யாரும் அடித்து நிறுத்தவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம், தமிழ்த் தெரு, தமிழ்க் கலியாணம், பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வு, பிறகு யுத்தம். கேலியும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 'பறங்கி' என்ற சொல்லை நம்மவர் சிலர் ஏளனமாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். தன் பாஷையைச் சந்தையில் உரக்கப் பேசக் கூச்சப்படும் மனிதர் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவார். இவர்களின் பாடல்களைத் தொகுத்த அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஜாக்சன் 1990இல் வெளியிட்ட நூலுக்கு 'வெட்கமின்றிப் பாடு' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

2004 டிசெம்பர் 26ஐ எழுதாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள டச்பார் மணல்திட்டில் பறங்கியர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. நத்தாருக்கு மறுநாள் காலை. முந்தின இரவு பாடி ஆடியவர்கள் பலர் சுனாமி அலையில் போனார்கள். ஏற்கெனவே சிறிய சமூகம் அது. பாட்டுக் கொப்பிகள் போயின, வாத்தியங்கள் போயின, பாட்டை மனதில் வைத்திருந்தவர்களும் போனார்கள். எஞ்சியவர்கள் மீண்டும் வயலின் எடுத்ததை நான் சாதாரண காரியமாக நினைக்கவில்லை.

பாட்டு பாஷையைக் காத்துவைப்பதை வேறு இடங்களிலும் காணலாம். புத்தளத்துச் சிரம்பையடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் முன்னோரும் இதே போர்த்துக்கேயத்தைப் பேசியவர்கள். இன்று அன்றாடப் பேச்சில் அது இல்லை, 'மாஞ்சா' பாட்டில் மட்டும் உயிரோடிருக்கிறது. கஃப்ரிஞ்ஞா என்ற பெயரிலேயே அந்த உறவு உண்டு. 'காஃபிர்' என்ற அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாயில் ஆபிரிக்கரைக் குறித்தது, அதன் வாலில் சிறுமையும் செல்லமும் காட்டும் போர்த்துக்கேய விகுதி சேர்ந்தது. மலாக்காவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்தாங் பாஷை பேசுவோரும் ஒரு 'நோனா' பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். நம் பறங்கியரிடம் அதன் உடன்பிறப்புப் பாட்டு உண்டு. சிங்கப்பூரில் 2016 முதல் இளையவர்கள் கிறிஸ்தாங் வகுப்பு நடத்துகிறார்கள். பாட்டு தெரிந்த இடத்தில் பாஷை கேட்டு ஆள் வருகிறது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை எனக்கு உண்டு, அது நம் கூத்திலிருந்து கற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடியது, படச்சட்ட மேடையில் குறுகிய நேரத்துக்குள் சுருங்கியது. படித்தவர்கள் ஏளனம் செய்த கூத்துக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அந்த இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிறகு நம் மரபுவழி நாடகங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். அந்தப் பணிக்கு நாம் என்றைக்கும் கடன்பட்டவர்கள். ஆனால் மேடைக்கு வந்த கூத்தில் சட்டம் கொடுத்தல் இல்லை, கிழமைக் கூத்து இல்லை, சதங்கை அணியும் நாளில் ஊரே கூடுவது இல்லை. 2002 முதல் சி. ஜெயசங்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் சீலாமுனையில் அண்ணாவிமாரோடும் ஊரவரோடும் இருந்து செய்த கூத்து மீளுருவாக்கம் இந்த இடத்தைத்தான் தொட்டது. கூத்தை ஊரிலேயே வைத்து, ஆடுகிறவர்களே பேசி, அவர்களே மாற்றி ஆடுவது. நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்கிறேன். மேடை மரியாதை தரும், வாழ்க்கை களரியில்தான்.

பறங்கியர் பிள்ளைகளுக்கும் இப்போது மேடை கிடைக்கிறது. கலாசார விழா என்றால் நம் கூத்து, முஸ்லிம் சகோதரர்களின் பொல்லடி, அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் கஃப்ரிஞ்ஞா. ஒலிபெருக்கியில் பதிவுசெய்த இசை, பளபளக்கும் உடுப்பு, கைதட்டு, முடிந்தது. நான் அதைக் குறைசொல்லவில்லை, அந்த ஐந்து நிமிடத்துக்காகவாவது பிள்ளைகள் கூடுகிறார்கள். ஆனால் பதிவுநாடாவுக்கு ஆடும் பிள்ளைக்குப் பாட்டின் கருத்தைக் கேட்கத் தோன்றாது. வயலின் வாசிப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓரத்துக் கதிரையில் ஓர் அம்மம்மா இருக்க வேண்டும். விழா அமைப்பாளர்கள் அடுத்த முறை பெரியவர்களையும் வாத்தியங்களையும் சேர்த்து அழைக்கட்டும், ஐந்து நிமிடத்தை அரை மணியாக்கட்டும்.

பேச்சு பாட்டுக்குள் ஒதுங்கியது பறங்கியரிடம் மட்டும் அல்ல. வாவிக்கு வடக்கே வாகரைப் பக்கத்தில் கரையோர வேடர் வாழ்கிறார்கள். இந்த நிலத்தின் ஆதிக்குடிகள் அவர்கள், பேசுவது தமிழ். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூலிலேயே அவர்களின் சடங்குகளும் கப்பற்பேய் வழிபாடும் பதிவாகியுள்ளன. அங்கும் பழம்பேச்சு சடங்கின் பாட்டுக்குள்தான் ஒதுங்கியிருக்கிறது. அவர்களைப் பற்றித் தனியாகவும் நிதானமாகவும் எழுத வேண்டும், ஓர் ஓரத்தில் அல்ல. இந்த ஆண்டுக்குள் செய்வோம்.

இனி உங்களிடம் கேட்பவை. அடுத்த இதழிலிருந்து அரைப் பக்கத்தைப் பறங்கியர் வீட்டுச் சொற்களுக்கு ஒதுக்குகிறோம். சமையல், உறவுமுறை, மீன், மழை என்று ஒவ்வொரு மாதமும் ஒரு கை சொல், தமிழ் எழுத்தில், கருத்தோடு. சொல்லை அனுப்புகிறவர்கள் அதை யார் வாயால் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள், பாட்டியா, மாமாவா, தச்சுப்பட்டறையிலா என்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கலியாண வீடுகளில் பதிந்த ஒலிநாடாக்கள் அலுமாரிக்குள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறோம். அவுஸ்திரேலியாவில் இருக்கும் வாசகர்களே, உங்கள் பக்கத்துத் தெருவில் மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம் இருந்தால் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர்களில் மூத்தவர்கள் தமிழை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆசிரியர்மாருக்கும் ஒன்று. உங்கள் வகுப்பில் பறங்கியர் பிள்ளை இருந்தால், ஒருநாள் அந்தப் பிள்ளையின் பாட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு அழையுங்கள். கரும்பலகையில் யன்னல், மேசை, கதிரை, சப்பாத்து என்று எழுதி, அவர் வீட்டில் அவற்றை எப்படிச் சொல்வார் என்று பிள்ளைகளைக் கேட்கவையுங்கள். ஒரு பாடவேளை போதும்.

அன்று மண்டபத்தில் இருட்டும்வரை இருந்தேன். கடைசியாக ஒருமுறை பாட்டு தொடங்கும் முன் அதே பெண்பிள்ளை ஆட்டத்தின் பெயரை எல்லோருக்கும் அறிவித்தாள். நம் பிள்ளைகள் எல்லோரையும் போல 'கப்ரிஞ்ஞா' என்றுதான் சொன்னாள். அம்மம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்து அவளுடைய தாடையைப் பிடித்தார்.

"அப்பிடி இல்ல புள்ள. மேல்பல்லக் கீழுதட்டில வெச்சு, ஊது."

பிள்ளை ஊதினாள். காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவையும் காற்று. மூன்றாவது தடவை எழுத்து வந்தது. வயலின்காரர் தலையாட்டிவிட்டு வில்லை நரம்பில் வைத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்